சோத்தாங்கைப் பக்கம்

சரோஜாவின் இரண்டு கட்டைவிரல்களும் மோகன்ராஜின் கெண்டைக்காலில் எண்ணெயோடு ஏறிக்கொண்டிருந்தன. கணுக்காலில் தொடங்கி முழங்கால் மடிப்புவரை, மேல்நோக்கி மட்டும். கீழ்நோக்கி அவள் தேய்ப்பதே இல்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் கால் வீக்கம் வடிய அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முறை அது. கிழவர் காலானாலும் பந்தயக்காரன் காலானாலும் ரத்தம் மேலேதான் போயாக வேண்டும்.

"நேத்து கருங்கல்லு மாதிரி இருந்திச்சி. இன்னிக்கு ஊறின அரிசி மாதிரி கீது," என்றாள்.

மோகன்ராஜ் குப்புறப் படுத்தபடியே சிரித்தான். "நாளைக்கு எப்படிக்கா இருக்கும்?"

"நீ மிதிக்கிற மிதியில கீது. என்னைக் கேட்டா?"

ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜ் ஒன்றின் முதல் மாடி அறை அது. சனிக்கிழமை பிற்பகல். ஜன்னலுக்குக் கீழே ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஜன்னல் கம்பியில் துவைத்துப் போட்டிருந்த மஞ்சள் ஜெர்சி ஆடிக் காற்றில் படபடத்தது. அந்தச் சட்டை ஞாயிறு மாலைவரை மோகன்ராஜின் உடம்பில் இருக்க வேண்டும். இருந்தால், டயர் கம்பெனி ஒன்று இந்தச் சைக்கிள் அணியை ஒரு வருஷத்துக்கு ஏற்று நடத்தும். அணி இருந்தால் சரோஜாவுக்கு மாதா மாதம் வேலை. இல்லையென்றால் அவள் மறுபடி யார் வீட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார வேண்டும் என்று ஏஜென்சிக்காரர் போன் பண்ணும்வரை காத்திருக்க வேண்டும். இதை மேனேஜர் ஜெகதீஷ் முதல் நாளே அவளிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தான்.

சரோஜா வடக்குப்பட்டுக்காரி. பிறந்ததும் அங்கே, வாழ்க்கைப்பட்டதும் அங்கே. அவர்கள் நெல் போட்ட நிலத்தில் இப்போது ஒரு கிடங்கு நிற்கிறது; அந்தக் கிடங்கின் கேட்டிலேயே அவள் புருஷன் கோதண்டம் செக்யூரிட்டி. ஊரில் பாதிப் பேருக்கு இதே கதை என்பதால் யாரும் அதை உட்கார்ந்து சொல்வதில்லை. நிலம் போனபின் சரோஜா படப்பையில் வீட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி ஒன்றுக்குப் போனாள். புரட்டிப் படுக்கவைப்பது, படுக்கைப்புண் வராமல் பார்ப்பது, மூக்குக் குழாயில் கஞ்சி விடுவது எல்லாம் கற்றாள். அங்கே சொல்லிக்கொடுத்த டீச்சர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: அள்ளுகிற கை வேறு, ஊட்டுகிற கை வேறு. உறை போட்டாலும் சரி, சோப்புப் போட்டாலும் சரி, கலக்காதே. சரோஜாவுக்கு அதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. பீச்சாங்கை எதற்கு, சோத்தாங்கை எதற்கு என்று மூன்று வயதிலேயே அவள் அம்மா முதுகில் இரண்டு போட்டுச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

ஜெகதீஷின் அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது பார்த்துக்கொள்ளப் போனவள் அவள். ஒன்றரை வருஷம் பார்த்தாள். முதுகில் ஒரு புண் இல்லாமல் அனுப்பிவைத்தாள். காரியம் முடிந்த கையோடு ஜெகதீஷ், "அக்கா, சைக்கிள் பசங்க காலைப் புடிச்சிவுட ஆள் வேணும். சோறும் கட்டித் தரணும். வர்றீங்களா?" என்று கேட்டான். நடமாடுகிற ஆட்களைப் பார்த்துக்கொள்வதில் என்ன கஷ்டம் இருந்துவிடப் போகிறது என்று வந்துவிட்டாள்.

கஷ்டம் வேறு மாதிரி இருந்தது. ஒன்றும் புரியவில்லை.

ஐந்து நாள் பந்தயம். முதல் நாள் மறைமலை நகரில் ஒருவர் பின் ஒருவராக, தனித்தனியாக விட்டார்கள். இரண்டாம் நாள் எல்லாரையும் மொத்தமாக வேலூருக்கு ஓட்டினார்கள். மூன்றாம் நாள் ஏலகிரி மலை. நான்காம் நாள் வேலூரிலிருந்து காஞ்சிபுரம். இதில் எந்த நாளிலும் மோகன்ராஜ் முதலில் வரவில்லை; மலையில்கூட இரண்டாவதுதான். ஆனாலும் மஞ்சள் சட்டை அவனுக்கு. எல்லா நாளின் நேரத்தையும் கூட்டி, குறைவாக எடுத்தவனுக்குத்தான் அந்தச் சட்டை என்று ஜெகதீஷ் விளக்கினான். கணக்கு அவளுக்குப் புரிந்தது, மனசுதான் ஒப்பவில்லை. இன்னொரு பக்கம் லோகேஷ். ஒரகடத்துப் பையன், தோள் அகலம், தொடை தூண் மாதிரி. தினமும் மோகன்ராஜுக்கு முன்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு போய், கடைசியில் அவனை விட்டுவிட்டுப் பின்தங்கி வருவான். அதுதான் அவன் வேலையாம். அவன் தோற்பதற்கு அவனுக்குச் சம்பளம்.

கோதண்டம் தினமும் போனில் இதையே பிடித்துக்கொண்டான்.

"அஞ்சு நாளு ஊரெல்லாம் சுத்திட்டுக் கடைசில நம்ம வூட்டாண்டயே வரானுங்களாமே. அதுக்கு இன்னாத்துக்குப் பொறப்பட்டுப் போவணும்?"

"போனை வையி, கால் புடிக்கணும்," என்று வைத்துவிட்டாள்.

மோகன்ராஜின் இடதுகாலை முடித்து வலதுகாலுக்கு வந்தபோது ஜெகதீஷ் ஒரு வரைபடத்தோடு உள்ளே வந்தான். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் சுற்று ஓட்டம். ஒரகடம் தொழிற்பேட்டையின் அகலச் சாலையில் புறப்பட்டு, குறுகலான கிராமத்து ரோட்டில் திரும்பி, வடக்குப்பட்டைத் தாண்டி, ஏரிக்கரை வழியாக மறுபடி அகலச் சாலைக்கு வர வேண்டும். இதே வட்டத்தை ஏழு முறை. ஓட்டுபவர்கள் நிற்காமலே வாங்கிப்போகும் சாப்பாட்டுப் பையைக் கொடுக்கிற இடம் எங்கே என்று ஜெகதீஷ் விரல் வைத்துக் காட்டினான்.

சரோஜா எட்டிப் பார்த்தாள். அவள் ஊர் அம்மன் கோயிலுக்கு நேர் எதிரே.

"நாளைக்கு எங்கூர்ல கூழு ஊத்தறாங்க தம்பி. மொத்த ஜனமும் அங்கதான் நிக்கும்."

"நிக்கட்டுங்க்கா. ரோட்டுல எறங்காம இருந்தா சரி. நீங்க இந்தப் பக்கம் நிக்கணும், எடப்பக்கம்."

சரோஜாவின் கட்டைவிரல்கள் நின்றன. இதுவரை பை கொடுத்ததெல்லாம் நெடுஞ்சாலையில். அங்கே பஸ் ஸ்டாப்பும் கூட்டமும் ஓரத்தில் இருக்கும் என்று, நடுவில் இருக்கும் தடுப்பின் மேல்தான் நிற்கச் சொல்வார்கள். வருகிறவர்களைப் பார்த்து நின்றால் ரோடு அவளுடைய வலப்பக்கம் இருக்கும். கையை நீட்டுவாள், பையின் வாரை இரண்டு விரலில் பிடித்திருப்பாள், ஓட்டுபவன் கை பட்டதும் விடுவாள். ஒருமுறைகூடத் தவறியதில்லை. இப்போது அதே மாதிரி இடது ஓரத்தில் நின்றால் ரோடு இடப்பக்கம் வரும். மனசுக்குள் நின்று பார்த்தாள், திரும்பிப் பார்த்தாள். முதுகைக் காட்டி நின்றால் வருகிறவன் தெரிய மாட்டான்; பார்த்து நின்றால் நீட்ட வேண்டியது பீச்சாங்கை.

அன்று சாயங்காலம் ஜெகதீஷ் இடத்தைப் பார்த்துவரக் காரில் கிளம்பியபோது, ரொட்டி வாங்க வேண்டும் என்று சொல்லி அவளும் ஏறிக்கொண்டாள். கோயில் எதிரே ஒரு வேன் நின்றது. பந்தயத்தின் பாதையை வகுப்பவர் தேவராஜன் குனிந்து ரோட்டில் வெள்ளை அம்பு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அவரும் பந்தயக்காரர். பேன்ட்டைச் சுருட்டிவிட்டிருந்த முழங்காலில் பழைய தையல் இருந்தது. சரியாகப் போடாத தையல் என்று சரோஜா பார்த்ததும் நினைத்துக்கொண்டாள்.

பை கொடுக்கிற இடத்தை எதிர்ப்பக்கம் மாற்ற முடியுமா என்று நேராகவே கேட்டாள். அவர் நிமிர்ந்து எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். கேபிள் பதிக்க வெட்டிய பள்ளம் ரோட்டு ஓரமாக நீளத்துக்குக் கிடந்தது.

"அப்ப கொஞ்சம் தள்ளி வையுங்க. ஏரிக்கரையாண்ட."

"அங்க காத்து இருக்கேம்மா. அங்க பை குடுத்தா ஒருத்தன் மேல ஒருத்தன் விழுவான். இங்கதான் லேசா மேடு, வேகம் குறையும். ரோடு குறுகலா இருக்கிறதால டீம் காரெல்லாம் பின்னாடியே நிக்கணும். அதனால இந்தப் பைதான் அவங்களுக்குச் சாப்பாடு."

"காத்து இருக்குன்னு தெரியும்ல? அப்புறம் ஏன் சார் ரோட்டை அந்தப் பக்கம் வுட்டீங்க? ஒரகடத்துல நேரா நல்ல ரோடு கீதே."

தேவராஜன் பெயின்ட் டப்பாவைக் கீழே வைத்தார். இந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது போல. நேர் ரோட்டில் விட்டால் மொத்தக் கூட்டமும் ஒன்றாகவே வந்து சேரும், ஒன்றும் மாறாது என்றார். மலை ஒல்லியானவர்களுக்கு நேரத்தைக் கொடுத்துவிட்டது; இனி யாராலும் அதை வாங்க முடியாது என்றால் பந்தயம் மூன்றாம் நாளே முடிந்தது, ஐந்தாம் நாள் யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்டார். ஏரிக்கரையில் மரமில்லை. காற்று பக்கவாட்டில் அடிக்கும். அப்போது ஒருவன் பின்னால் ஒருவன் ஒளிய முடியாது. சாய்வாக, ஒருவன் தோளை ஒட்டி ஒருவன் போனால்தான் மறைப்பு. அந்த ரோட்டின் அகலத்துக்கு ஏழெட்டுப் பேர்தான் அப்படிப் போகலாம்.

"ஒன்பதாவது ஆள் காத்துல நிப்பான். அவனுக்கு முன்னாடி மறைச்சிகிட்டு ஓட்ட ஒருத்தன் இருந்தா பொழைப்பான். இல்லன்னா அங்கேயே அறுந்துடுவான். மலை குடுத்ததைக் காத்து திருப்பிக் கேக்கணும்மா. நான் யாருக்காகவும் ரூட் போடல. ஆளுக்கு ஒரு நாள் போடறேன்."

சரோஜா ஏரிக்கரையைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற கரை. சின்ன வயதில் அங்கே எருமை மேய்த்திருக்கிறாள். ஆடி மாதத்தில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அந்தக் காற்றைக் கொண்டு ஒருத்தன் சட்டையை இன்னொருத்தனுக்கு மாற்றலாம் என்று யார் கண்டது? ஒரு ஊருக்கு வழி போடுவது என்றால் சீக்கிரம் போய்ச் சேர்வதற்கு என்றுதான் நினைத்திருந்தாள். இந்த ஆள் போய்ச் சேர்வதைக் கஷ்டமாக்குவதற்குச் சம்பளம் வாங்குகிறார்.

பீச்சாங்கை விஷயத்தை அவரிடம் சொல்ல வாயெடுத்தாள். பேன்ட் போட்ட ஆம்பளையிடம் அதை எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பைகளைக் கட்டினாள். வெல்லம் போட்டு இறுக்கிய சாத உருண்டைகள், வாழைப்பழம், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் பாட்டில். இரண்டு சுற்றில் மட்டும்தான் பை கொடுக்கலாம்: மூன்றாவது சுற்றில், ஐந்தாவது சுற்றில். மோகன்ராஜின் பை அவள் கையில். லோகேஷின் பை மெக்கானிக் ராஜாமணி கையில். அவன் கொஞ்சம் தள்ளி நின்றான். டயர் கழற்றும் கை என்பதால் அவனுக்கு இடது வலது எல்லாம் ஒன்றுதான்.

ஊர் முழுக்க ரோட்டோரம் நின்றது. ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. அண்டா அண்டாவாகக் கூழ். கோயில் வாசலில் சரோஜாவின் நாத்தனார் பாப்பம்மாள் மஞ்சள் புடவையில், கையில் கரகச் செம்போடு. கோதண்டம் லீவு போட்டுவிட்டு, தன் பெண்டாட்டி ஏதோ கலெக்டர் போல நிற்பதை நாலு பேருக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

சரோஜா இடது கையை ஒருமுறை நீட்டிப் பார்த்தாள். பாப்பம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி அது? ஆத்தாளுக்கு எதிர்ல பீச்சாங்கையால சோறு நீட்டற?"

"அந்தப் பக்கந்தான் அண்ணி வராங்க."

"வரட்டும். நீ திரும்பி நில்லு. உனக்குச் சோத்தாங்கை இல்லியா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். கோதண்டமும் சேர்ந்து சிரித்தான். சரோஜாவுக்குச் சாமி கோபித்துக்கொள்ளும் என்ற பயமெல்லாம் இல்லை. எத்தனையோ பேர் உயிர் போகும்போது பக்கத்தில் இருந்தவள், சாமிக்கு வேறு வேலை உண்டு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தினமும் எந்தக் கையால் எதை அள்ளுகிறாள் என்று இந்த ஊருக்கே தெரியும். அந்தக் கையால் ஒருத்தன் வாய்க்குப் போகிற சோற்றை, இத்தனை பேர் பார்க்க, எப்படி நீட்டுவது? வலது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் நீட்டிப் பார்த்தாள். எட்டும் போலத்தான் இருந்தது.

முதல் சுற்று போனது, இரண்டாவது போனது. மூன்றாவதில் போலீஸ் பைக் முன்னால் வர, பின்னால் மொத்தக் கூட்டமும் மேட்டில் ஏறியது. சக்கரங்களின் சத்தம் மழை வருவதுபோல் வந்தது. மஞ்சள் சட்டை ஓரமாக ஒதுங்கியது. மோகன்ராஜ் அவளைப் பார்த்துவிட்டான், இடது கையை நீட்டினான். சரோஜா வலது கையைக் குறுக்கே வீசினாள்.

ஒரு சாண் குறைந்தது. அவன் விரல் வாரைத் தொட்டது, பிடிக்கவில்லை. பை ரோட்டில் விழுந்தது. பின்னால் வந்தவர்கள் கெட்ட வார்த்தையோடு விலகினார்கள். ஒரு நொடியில் எல்லாரும் போய்விட்டார்கள். வாழைப்பழம் நசுங்கிக் கிடந்தது. ஊர்க்காரர் ஒருவர் பையைப் பொறுக்கிக்கொண்டு, "தம்பி, சோறு! தம்பி, சோறு!" என்று வேட்டியை மடித்துக் கட்டியபடி பின்னாலேயே ஓடினார். சைக்கிள் எங்கே, அவர் எங்கே.

ராஜாமணி கையிலிருந்து லோகேஷ் பையை வாங்கிக்கொண்டதை அவள் பார்த்தாள். வாங்கின கையோடு அதை அப்படியே மோகன்ராஜின் தோளில் மாட்டியதையும் பார்த்தாள். அப்பாடா என்று மூச்சு விட்டாள். பை போய்ச் சேர்ந்துவிட்டது, அப்புறம் என்ன? அதன் மறுபக்கம் அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

நான்காவது சுற்றில் லோகேஷ் கூட்டத்தின் நடுவில் இருந்தான். ஐந்தாவதில் வால் பக்கம். வாய் திறந்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. சர்க்கரை இறங்கின முகம் எப்படி இருக்கும் என்று சரோஜாவுக்குத் தெரியும். காலை இட்லியைத் தவறவிட்ட நீரிழிவுக்காரர்களிடம் எத்தனை முறை பார்த்திருக்கிறாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. விழுந்தது மோகன்ராஜின் பை; சோறில்லாமல் போனது லோகேஷுக்கு.

அந்தச் சுற்றில் அவள் யாரையும் பார்க்கவில்லை. இடது கையை முழுசாக நீட்டினாள். மோகன்ராஜ் வாரைப் பிடித்துக்கொண்டு போனான். பாப்பம்மாள் ஏதோ சொன்னாள், ஒலிபெருக்கியில் கேட்கவில்லை. ராஜாமணி நீட்டிய பையை லோகேஷ் வாங்கினான். ஆனால் வயிற்றில் விழும் சோறு காலுக்கு வர நேரம் பிடிக்கும். அது யாருக்கும் ஒரே நேரம்தான்.

ஆறாவது சுற்றில் லோகேஷ் அந்தக் கூட்டத்திலேயே இல்லை.

கடைசிச் சுற்றில் ஏரிக்கரையில் நடந்ததை அவள் பார்க்கவில்லை. கோயில் மதில் மேல் ஏறியிருந்த பையன்கள் கத்திச் சொன்னதைத்தான் கேட்டாள். ஏழெட்டுப் பேர் சாய்வாகப் பிரிந்து போய்விட்டார்களாம். மஞ்சள் சட்டை தனியாக, ரோட்டின் விளிம்பில், காற்றில் ஆடிக்கொண்டே போகிறதாம். முன்னால் மறைக்க ஆளில்லை.

மோகன்ராஜ் சட்டையை மூன்று விநாடி வித்தியாசத்தில் இழந்தான். ஐந்து நாள் மிதித்ததற்கு மூன்று விநாடி. ஒரு தும்மலுக்கு ஆகிற நேரம்.

ஒரகடத்தில் மேடை, மாலை, பட்டாசு எல்லாம் நடந்தன. வேறு ஒருத்தன் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு கையை உயர்த்தினான். சரோஜா அதைப் பார்க்க நிற்கவில்லை. காருக்குப் பின்னால் நிழலில் லோகேஷ் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அவனை ஒருக்களித்து உட்காரவைத்து, உப்புச் சர்க்கரைத் தண்ணீரை ஒரு வாய் ஒரு வாயாகக் கொடுத்தாள். மொத்தமாகக் கேட்டான், கொடுக்கவில்லை.

"இன்னாத்துக்குடா பையைக் குடுத்த? பாதியாவது வெச்சிக்கிறதுதானே?"

"அண்ணனுக்குத்தானேக்கா மஞ்சள் சட்டை," என்றான் லோகேஷ். அதற்குமேல் அவனிடம் தெம்பில்லை.

ஜெகதீஷ் வந்ததும் அவள் சுற்றி வளைக்கவில்லை. பை விழுந்தது தன்னால்தான், எதிரே கோயில், நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்தார், வலது கையால் கொடுத்தேன், எட்டவில்லை என்று வரிசையாகச் சொன்னாள். ஜெகதீஷ் நின்றபடியே கேட்டான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது குழப்பம்தான்.

"எனக்கும் ஒண்ணும் புரியலக்கா. தேவராஜன் சாரைக் கேட்டேன். பை கெடச்சிருந்தாலும் அந்தக் காத்துல சட்டை போயிருக்கும்னாரு. மோகனைக் கேட்டேன். லோகேஷ் கூட இருந்திருந்தா போயிருக்காதுன்றான். இவனைக் கேக்கலாம்னா இவன் வாந்தி எடுத்துகினு கீறான்."

"அப்ப யார் தப்பு?"

"ரூட்டு போட்டவரு பள்ளத்தைக் கண்டாரு, காத்தைக் கண்டாரு. உங்க நாத்தனாரைக் காணல." அவன் சிரித்தானா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. "நான் கண்டிருக்கணும். எடப்பக்கம்னு சொன்னப்ப உங்க கை நின்னுச்சி. பாத்தேன். கேக்கல."

டயர் கம்பெனிக்காரர்கள் இரண்டாம் இடத்துக்கும் தலையாட்டுவார்களா என்று பேசித்தான் பார்க்க வேண்டும் என்றான். ஆவணியில் திருச்சிப் பக்கம் ஒரு பந்தயம் இருக்கிறது. அணி பிழைத்தால் கூப்பிடுகிறேன் என்றான்.

"கூப்பிட்டா, அவுங்க எந்தப் பக்கம் நிக்கச் சொன்னாலும் குடுப்பீங்களா?"

சரோஜா தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். இரண்டிலும் வெல்லப் பிசுக்கு.

"குடுப்பேன்," என்றாள். "ஆனா பழகணும்."

வீடு திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கை, காற்று, பள்ளம், கோயில், லோகேஷின் நல்ல மனசு. எதை எடுத்துவிட்டால் அந்த மூன்று விநாடி திரும்பி வரும்? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எதை எடுத்தாலும் வருவது போலவும் இருந்தது, வராதது போலவும் இருந்தது. வடக்குப்பட்டு வந்துவிட்டது. இறங்கிவிட்டாள்.

மறுநாள் காலை கோதண்டத்துக்கு முதல் ஷிப்ட். அவன் மொபெட்டை வெளியே தள்ளும்போது சரோஜா சாப்பாட்டுப் பையோடு கோயில் எதிரே போய் நின்றாள். அங்கிருந்தே கத்தினாள்.

"நிக்காத. மெதுவா வா. பீச்சாங்கையை நீட்டு."

"இன்னாமே, காலங்காத்தால?"

"வான்னா வா."

பாப்பம்மாள் கோயில் வாசலில் நேற்றைய கூழ் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். கோதண்டம் மேட்டில் ஏறி வந்தான், முகத்தைச் சுளித்துக்கொண்டே இடது கையை நீட்டினான். சரோஜா இடது கையால் பையை நீட்டினாள். அவன் பிடித்தான், அவள் விடவில்லை. மொபெட் ஆடியது.

"வுடுமே!"

விட்டாள். ரசம் அவன் யூனிபாரத்தில் கொஞ்சம் தெறித்தது.

"சரியா வரல," என்றாள் சரோஜா. "திருப்பிகினு வா. இன்னொரு வாட்டி."

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று முனகிக்கொண்டே அவன் மொபெட்டைத் திருப்பினான்.